கைவிட்ட இறால் குளத்தைச் சீர்படுத்த

வெண்புள்ளி நோய் 1994-95-ல் தமிழகக் கடலோரத்தைத் தாக்கியபின் இறால் குளங்கள் பல கைவிடப்பட்டன. அவற்றை மீண்டும் தொடங்க நினைக்கும் விவசாயிகள் பலர் முதல் வேலையாக நீரை ஏற்றிவிடுகிறார்கள். அது கூடாது. அடியில் கிடக்கும் கருஞ்சேறுதான் முதல் பகை. ஒரு கொத்து வெட்டி முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்கிறது என்று பொருள். தரையோடு வாழும் இறால் அதற்குத் தப்பாது.

நீரை வடித்து, கோடை வெயிலில் தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடவும். கருஞ்சேற்றைச் சுரண்டித் தொலைவில் கொட்டவும். கரைமேல் கொட்டுவதே வழக்கம்; முதல் மழையிலேயே அது குளத்துக்குத் திரும்பிவிடும்! பின்னர் மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டு, மதகில் நுண்கண் வலைப்பை கட்டி நீர் ஏற்றவும். வெளியிலிருந்து வரும் நண்டும் இறாலும் நோயைச் சுமந்து வரும்.

கைமுதல் குறைந்தவர் முதல் போகத்துக்குப் பால்மீன் விடுவதே நலம் என்பேன். நன்னீர் முதல் கடல்நீர் வரை எதிலும் வாழும். குளத்தடிப் பாசியை மேயும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் இதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து காட்டியது. குளத்தின் பழைய பதிவு செல்லுமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்துக் கொள்ளவும்.