நாட்டிங்ஹாமின் ராலி

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலி வீதியில் உட்ஹெட், ஆங்குவா, எல்லிஸ் என்ற மூவர் கூட்டாக நடத்திய சிறு பட்டறை வாரத்துக்கு மூன்று சைக்கிள்களே செய்துவந்த காலத்தில், ஹாங்காங்கில் பெரும்பொருள் ஈட்டித் தேக ஆரோக்கியத்தை இழந்து தாயகம் திரும்பிய பிராங்க் பௌடன் என்ற கனவான், வைத்தியரின் ஆலோசனைப்படி சைக்கிள் ஓட்டத் தொடங்கி, அப்பட்டறையின் வண்டியொன்றை வாங்கினார். உடல் தேறிற்று, யந்திரத்தின்மேல் பற்றும் பிறந்தது. பட்டறையைத் தேடிச் சென்று, அதன் உரிமையைத் தம் வசமாக்கி, 1888-இல் ராலி சைக்கிள் கம்பெனியை ஸ்தாபித்தார். 1896-க்குள் ஏழரை ஏக்கரில் பரந்து, உலகிலேயே பெரிய சைக்கிள் தொழிற்சாலையாக அது விளங்கிற்று.

ராலியின் புகழுக்கு அதன் உருக்குச் சட்டத்தின் உறுதியே காரணம் என்பாருண்டு. கம்பிப் பிரேக்கையும், செயின் எண்ணெயில் தோய்ந்து ஓடும் மூடிய பெட்டியையும், நாரையின் தலை பொறித்த முத்திரையையும் கண்டவர்கள் அவ்வாறு கருதுவது நியாயமே. ஆயினும் அதன் மகோன்னதமான சாதனை கண்ணுக்குப் புலப்படாமல் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். 1903-இல் விற்பனைக்கு வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூவேக கியரில், நடுவே அசையாது நிற்கும் பற்சக்கரத்தைச் சுற்றிக் கிரகங்களைப்போல் வேறு சிறு பற்சக்கரங்கள் உருண்டோட, வெளிவளையம் அவற்றைத் தழுவிச் சுழல்கிறது. பின்னாளில் வந்த ஏ.டபிள்யூ. வகையில், நடுநிலையிலிருந்து கீழே மாற்றினால் சக்கரத்தின் சுற்று முக்கால் பங்காகக் குறைந்து மேட்டில் மிதிப்பது எளிதாகும். மேலே மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடி வண்டி விரையும். இவ்வமைப்பில் வில்லியம் ரெய்லி என்பாருக்குப் பெரும்பங்கு உண்டு. பெயரிலோ ஸ்டர்மியும் ஆர்ச்சரும் மட்டுமே நிலைத்தனர். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி மனத்தை வருத்துகிறது.

பாரதம் சுதந்திரம் பெற்றபின், அதுவரை கப்பலில் வந்திறங்கிய ராலி, வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலி கம்பெனியாரால் இந்நாட்டிலேயே செய்யப்படலாயிற்று. அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தார் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்வதற்குக் கூட்டாளியாகக் கொண்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமே, 1960-இல் ராலியையும் தன்னோடு இணைத்துக்கொண்டது.

1980-இல் யூப் சுட்டமெல்க் என்ற வீரர் ராலி ஏறிப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றபோதிலும், நாட்டிங்ஹாம் ஆலையை அது காக்கவில்லை. 2002-இல் அங்கே சைக்கிள் உற்பத்தி நின்றது. அதற்குச் சற்று முன்பே கியர்த் தொழில் தைவானியர் ஒருவரின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, யந்திரங்களும் கடல் கடந்துபோய்விட்டன. ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரோடு மூவேகக் குடங்கள் இன்று தைவானில்தான் உருவாகின்றன.