குளிருக்க எழுப்பமாட்டாங்கள்

பாரிஸ் லாச்சப்பலில் ஒரு பிளேன்ரீயோடு உட்கார்ந்தால், வாடகைக் கதையில் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். ஒருவருக்கு அஷ்எல்எம் என்ற சமூக வாடகை வீட்டில் நாலு மாத வாடகை நிலுவை; உசியே என்று நாங்கள் இன்னும் சொல்லும் சட்ட அலுவலரின் கடிதமும் வந்தாயிற்று. பக்கத்து மேசைக்காரர் ஆறுதல் சொல்வார்: "நவம்பர் வந்திட்டுது அண்ணை, ஏப்ரல் மட்டும் ஒருத்தரும் தொடமாட்டாங்கள்." பாதி உண்மை. மற்றப் பாதிதான் வீட்டைப் பறிக்கிறது. ரீ ஆறமுதல் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வாடகைக் குடும்பத்தைப் பொலிஸ் வந்து வெளியேற்ற முடியாது. 1956 டிசம்பர் 3ஆம் திகதிச் சட்டம் தொடக்கிவைத்த பாதுகாப்பு இது. அதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் முன்னர், 1954 பெப்ரவரி 1 அன்று, அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் பேசினார். அன்று அதிகாலை செபாஸ்தபோல் தெரு நடைபாதையில் ஒரு பெண் குளிரில் விறைத்துச் செத்திருந்தாள். வீட்டைவிட்டு எழுப்பிய காயிதம் அவள் கையிலேயே இருந்ததாம். லாச்சப்பலில் இருந்து அந்தத் தெருவுக்கு நடந்தே போகலாம்.

ஆனால் குளிர்காலத் தடை நிறுத்துவது கடைசிப் படியை மட்டும். வாடகை ஏறும், கடிதம் வரும், வழக்கும் நடக்கும், தீர்ப்பும் விழும். ஏப்ரலில் கோப்பு தயாராய் இருக்கும்.

முதலில் உசியே தரும் கட்டளையில் நிலுவையைக் கட்ட ஆறு வாரம். 2023 ஜூலை 27 சட்டத்துக்கு முன் இது இரண்டு மாதமாய் இருந்தது. உங்கள் பழைய ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருக்கிறது, எடுத்துப் பாருங்கோ. பிறகு நீதிமன்ற அழைப்பு. பாரிஸ் வீடென்றால் நீதிமன்றம் போர்த் து கிளிஷியில் உள்ள 38 மாடிக் கண்ணாடிக் கட்டடம். இங்கே 2ஆம் இலக்க மெத்ரோவில் ஏறி, பிளாஸ் து கிளிஷியில் 13க்கு மாறினால் சரி. இவ்வளவு கிட்ட இருந்தும், "பிரெஞ்சு தெரியாது, போய் என்னத்தைச் சொல்ல" என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்போது நீதிபதி முன் வீட்டுக்காரரின் கணக்குத்தாள் மட்டும்தான்.

போகிறவருக்குக் கிடைக்கக்கூடியது பெரிது. வழக்கு நாளுக்கு முன்னரே நடப்பு வாடகையை முழுதாய்க் கட்டத் தொடங்கியிருந்தால், நிலுவையை 36 மாதம் வரை பிரித்துக் கட்ட நீதிபதி இடம் தரலாம். ஒழுங்காய்க் கட்டி முடித்தால் ஒப்பந்தம் முறியாது. என்னைக் கேட்டால் முழுச் சட்டத்திலும் பெறுமதியான வரி இதுதான். எங்கட ஆக்கள் செய்வதோ நேர்மாறு: சீட்டு எடுத்து மொத்தமாய் அடைப்பம் என்று இந்த மாதத்தையும் விட்டுவிடுவது. மொத்தமும் வராது, மாதமும் போய்விடும்.

அஷ்எல்எம் காரருக்கு இன்னொரு கதவும் உண்டு. தீர்ப்பு வந்த பிறகும் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை எழுதி ஒழுங்காய்க் கட்டிவந்தால் வெளியேற்றம் நிற்கும். குடும்ப உதவி நிறுவனமான காஃப் தரும் வீட்டு உதவிப் பணமும் திரும்பத் தொடங்கும். அறையை உள்வாடகைக்கு விட்டு வீட்டை இழந்தவருக்கு இந்த வழி உதவாது. அது அஷ்எல்எம்மில் பொதுவாகத் தடை. அந்த அறையில் இருப்பவர் பாடு இன்னும் மோசம். அவர் பெயருக்கு ஒரு கடிதமும் வராது.

இவ்வளவும் தவறினால், வெளியேறச் சொல்லும் கட்டளைக்குப் பின் இரண்டு மாதம், அதன்பின் பொலிஸ் துணைக்கு அரச நிர்வாகமான பிறிபெக்சரின் அனுமதி. அனுமதி மறுத்தால் வீட்டுக்காரருக்கு அரசு நட்டஈடு கட்டவேண்டும் என்பதால், மறுப்பு இலவசம் அல்ல. 2024இல் பிரான்ஸ் முழுதும் 24,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பொலிசோடு வெளியேற்றப்பட்டன. வெளியே வந்தால் அவசரத் தங்குமிடத்துக்கான 115 என்ற தொலைபேசி இலக்கம்; எடுத்தாலும் அன்றிரவே படுக்கை கிடைக்கும் என்றில்லை. அடுத்த அஷ்எல்எம்மும் லேசில் இல்லை. காத்திருப்போர் 27 லட்சத்துக்கும் மேல். ஆகவே தீர்ப்பு வந்த உடனேயே, வெளியே வருமுன், 2007 சட்டத்தின்கீழ் வீட்டு உரிமை கோரும் தலோ விண்ணப்பம் போடவேண்டும்.

இதற்கெல்லாம் 'அதில்' (ADIL) என்ற வீட்டு ஆலோசனை அலுவலகம் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லும். ஒப்பந்தம், உசியே கடிதம், கடைசியாய்க் கட்டிய பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கோ. மொழிபெயர்க்க ஒரு பெரிய ஆளைக் கூட்டிப் போனால் நல்லது. வீட்டுக் கடன் எவ்வளவு என்று பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைக்க வேண்டாம்.