கட்டளை வரியும் திருத்தியின் சாளரங்களும்

நிரல் எழுதுவோர் ஒரே நாளில் இரண்டு மூன்று வேலைகளை மாறிமாறிக் கவனித்தல் வழக்கம். ஒவ்வொரு வேலைக்குரிய கோப்புகளும் தனித்தனிச் சாளரத்தில் நிற்றல் வேண்டும். அவை ஒரே சாளரத்திற் கலப்பின், ஒரே பெயருடைய கோப்புகளுள் எது எதற்குரியது என்னும் மயக்கம் எழும். ஒன்றைத் திருத்தப் புகுந்தவர் மற்றொன்றைத் திருத்திவிடுதலும் உண்டு. கட்டளை வரியிலிருந்தே சாளரங்களை ஆளக் கற்றவர்க்கு இவ்விடர் பெரிதும் குறையும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் திருத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முனையத்தில் 'கோட்' எனத் தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், முன்னரே திறந்துள்ள சாளரத்தையே அது பெரும்பாலும் நாடும். இடையில் ஒரு சிறு கோடும் ஆங்கில 'என்' எழுத்தும் இட்டால் புதுச் சாளரம் பிறக்கும். 'ஆர்' எழுத்தை இட்டால் கடைசியாகப் பயன்பட்ட சாளரமே மீண்டும் பயன்படும். அடைவு ஒன்றை 'ஆர்' குறியோடு திறப்பின், அச்சாளரத்தில் முன்பிருந்த அடைவு விலகிவிடும் என்பதை மறத்தலாகாது.

இவற்றினும் நுட்பமானது 'டபிள்யூ' என்னும் குறி. முனையத்தில் தட்டப்படும் கட்டளை உண்மையில் திருத்தியன்று. அது தூதுவன் மாத்திரமே. திருத்தி முன்னரே இயங்கிக்கொண்டிருப்பின், கோப்பின் பெயரை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத் தூதுவன் உடனே மீள்வான். பிற நிரல்கள் திருத்தியை அழைக்கும்போதுதான் இதனால் தொல்லை விளைகின்றது. லினஸ் ரோவால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய கிற் என்னும் நிரல், மாற்றங்களைப் பதிவு செய்யுமுன் குறிப்பொன்று எழுதும்படி திருத்தியைத் திறக்கும். தூதுவன் மீண்டதும் எழுத்து வேலை முடிந்ததென்று கருதி, வெற்றுக் குறிப்பையே கண்டு, பதிவைக் கைவிடும். மாணாக்கர் அதன்பின் சாவதானமாக எழுதிச் சேமிக்கும் குறிப்பு எப்பதிவிலும் சேராது. பிழை எங்கேயென அறியாது அவர் கிற்றை நோவார்! 'டபிள்யூ' குறியோ, அக்கோப்பு மூடப்படும்வரை தூதுவனை வாயிலிலே நிறுத்தி வைக்கும்.

1985 இல் வெளிவந்த குனு ஈமாக்ஸ் திருத்தியில் நிலைமை தலைகீழ். அதன் தூதுவனாகிய ஈமாக்ஸ்கிளையன்ற் காத்து நிற்பதையே இயல்பாகக் கொண்டது. கொன்றோல் விசையோடு எக்ஸ் எழுத்தையும், பின்னர் # குறியையும் அழுத்தினால் அது விடுபடும். அங்கு 'என்' குறிக்குப் பொருள் 'காத்திராதே' என்பதாம். ஒன்றிற் பழகிய கை மற்றொன்றில் தடுமாறுவது இதனாலேயே. சொல்லிலும் வேறுபாடுண்டு: பிறர் சாளரம் என்பதை ஈமாக்ஸ் சட்டகம் என்னும், சட்டகத்தினுள் அமையும் பகுதிகளையே சாளரம் என்னும். ஆதலின் புதுச் சாளரம் வேண்டுவோர் அங்கு 'சி' குறியிட்டுப் புதுச் சட்டகத்தையே கேட்டல் வேண்டும்.