நின்றபடியே ஜீவனம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்காகத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குச் சென்றிருந்தோம். கூட்டத்தில் நாம் நடந்தோமா, கூட்டம் நம்மை நடத்திச் சென்றதா என்பதை இன்னும் நம்மால் நிச்சயிக்க முடியவில்லை.

பெரிய ஜவுளிக் கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முப்பது புடவைகளை விரித்துக் காட்டினாள். வீட்டு அம்மாளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. முப்பத்தோராவதைப் பிரிக்கும்போது அந்தப் பெண் உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றிக்கொண்டதைப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் புடவைக் கட்டு ஒன்று சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது!

"சற்று உட்காரலாமே, அம்மா?" என்றோம்.

"ஆள் வந்திருக்கும்போது எப்படி ஸார் உட்காருவது?"

"ஆள் இல்லாதபோது?"

"ஆள் இல்லாத நேரம் ஏது, ஸார்?" என்று சிரித்தாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சட்டம் பேசாமலில்லை. தேசம் சுதந்திரமடைந்த அதே 1947-ம் வருஷத்தில், கடைகள், நிறுவனங்கள் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. சாதாரணமாக நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை; நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு; ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இடம் வேண்டும் என்பது தோன்ற மேலும் 74 வருஷங்கள் சென்றன. கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் பல காலம் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் வழி காட்டிற்று. 2021-ல் தமிழ்நாடு சட்டசபையும் ஆசனம் அளிக்கவேண்டுமென்று திருத்தம் நிறைவேற்றியது.

திருத்தத்தில் நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் நேரும்போது உட்காருவதற்காகவே ஆசனம். சந்தர்ப்பம் நேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்கிறவர் யார்? பெரும்பாலும் மாடியின் மேற்பார்வையாளர்தான். அவருக்குத் தனி நாற்காலி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

தமிழ்நாட்டின் உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2000-ல் தரமணியில் திறந்த டைடல் பூங்காவையும், அதற்குத் தெற்கே எழும்பிய கண்ணாடி மாளிகைகளையும் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த மாளிகையின் வாசலில் நிற்கும் காவற்காரர், உள்ளே தரை துடைக்கும் அம்மாள், எதிரே ஓட்டலில் இலை எடுக்கும் பையன், இவர்களும் அதே சேவைத் துறைதான். இவர்களில் பலர் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். எஜமான் யார் என்று கேட்டால் சற்று யோசிக்கிறார்கள்.

தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தில் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் கொடுத்தால், முதலாளி 3.25 சதவீதம் கொடுக்கவேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு வைத்தியம் உண்டு. நோயில் படுத்தால் படியும் உண்டு. எல்லாம் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால்! பெயர் ஏறாதவருக்குக் கால் வீங்கினால் சொந்தச் செலவுதான்.

இப்போது பதிவேடே இல்லாத புது ஜாதி உத்தியோகம் ஒன்று வந்திருக்கிறது. கைப்பேசி உத்தரவிட, மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவரும் வாலிபர்களைச் சொல்கிறோம். இவர்களுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் 'கூட்டாளி'. லாபத்தில் பங்கு கேட்டால் தெரியும் கூட்டின் லட்சணம்! தேசம் முழுவதிலும் இத்தகையோர் 2020-21-ல் 77 லட்சம் என்றும், 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022-ல் கணக்கிட்டது. 1947-ம் வருஷத்துச் சட்டத்துக்குக் கதவும் கல்லாவும் உள்ள கடைதான் தெரியும். தெருவே கடையானவர்களை அது அறியாது. 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. வாரியத்தால் உதவித் தொகை கொடுக்க முடியும்; கைப்பேசி திடீரென்று வேலையை நிறுத்திவிட்டால், ஏன் நிறுத்தினாய் என்று அதைக் கேட்கவும் ஒருவர் வேண்டாமா?

வீட்டு அம்மாள் கடைசியில் முதலில் பார்த்த புடவையையே எடுத்தாள். பணம் கட்டித் திரும்பியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அந்தப் பெண் நின்றபடியே மற்ற முப்பது புடவைகளையும் மடித்து, முக்காலியின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.