கடனட்டையும் காலந்தாழ்ந்த கட்டணமும்

மட்டக்களப்பு வாவி தன் கரைவாழ் மக்களின் வாழ்வை இரண்டாக வகுத்திருக்கின்றது. கதிரவன் எழுகின்ற திசையிலே கடலோரமாக அமைந்தது எழுவான்கரை; அவன் மறைகின்ற திசையிலே வயல்களோடு விரிந்து கிடப்பது படுவான்கரை. வங்கிகளும் பெருங்கடைகளும் பெரும்பாலும் எழுவான்கரையிலே உள்ளன; நெல்லும் கால்நடையும் படுவான்கரையின் செல்வங்கள். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அவ்விடத்திலே வாவியைக் கடக்க விரும்பியோர் ‘பாதை’ என வழங்கும் மிதவைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விரு கரைகளுக்குமிடையே கடன் என்பது நெடுங்காலமாக முகத்துக்கு முகம் நடந்துவந்த கொடுக்கல் வாங்கலாகும். கடைக்காரர் கொப்பியிலே குறித்துக்கொள்வார். பெரும்போக அறுவடை முடிந்ததும் கணக்குத் தீரும். மழை மிகுந்து வெள்ளாமை அழிந்துபோனால், வந்து நிலைமையைச் சொல்வோருக்குத் தவணை நீளும். இன்று ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர், வணிகர் எனப் பலரது சட்டைப்பையிலும் கடனட்டை இடம்பெற்றுவிட்டது. இந்தப் புதிய கடன்காரருக்கு வாவியிலே வெள்ளம் வந்ததும் தெரியாது. சம்பளம் பிந்தியதும் தெரியாது. குறித்த நாள் கடந்ததும் கணிப்பொறி தானாகவே ஒரு கட்டணத்தைக் கணக்கிலே சேர்த்துவிடுகின்றது. அக்கட்டணம் பிழையாக விதிக்கப்பட்டிருப்பின் அதனை எவ்வாறு மறுப்பது என்பதை அட்டை வைத்திருப்போர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் இக்கட்டணங்கள் யாவை எனக் காண்போம். மாதந்தோறும் வங்கி அனுப்பும் கணக்குக்கூற்றிலே நான்கு செய்திகள் இன்றியமையாதவை: கூற்று ஆயத்தஞ் செய்யப்பட்ட நாள், பணஞ் செலுத்த வேண்டிய இறுதி நாள், செலுத்த வேண்டிய மிகக் குறைந்த தொகை, கடன் எல்லை. இறுதி நாளுக்குள் மிகக் குறைந்த தொகையேனும் வந்துசேராவிடின் தாமதக் கட்டணம் எழும். நிலுவை கடன் எல்லையைத் தாண்டினால் எல்லை மீறற் கட்டணம் எழும். இவையிரண்டும் வட்டிக்குப் புறம்பானவை. செலுத்தாதுவிட்டால் இக்கட்டணங்களும் நிலுவையோடு சேர்ந்துவிட, அவற்றின் மீதும் வட்டி ஏறும் நிலை உண்டாகலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆசிரியரின் கடன் எல்லை 100,000 ரூபாய். நிலுவை 98,900 ரூபாய். மிகக் குறைந்த தொகையாகிய 5,000 ரூபாயைச் சனிக்கிழமைக்குள் செலுத்த வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை மாலையிலே வேறொரு வங்கியின் வழியாகப் பணத்தை அனுப்புகின்றார். அது திங்கட்கிழமைதான் அட்டைக் கணக்கிலே பதியப்படுகின்றது. இதற்கிடையில் 1,500 ரூபாய் தாமதக் கட்டணம் சேர்க்கப்பட, நிலுவை 100,400 ரூபாயாகின்றது. எல்லை 400 ரூபாயால் மீறப்பட்டதாகக் கொண்டு மேலும் 750 ரூபாய் அறவிடப்படுகின்றது. ஆசிரியர் எல்லைக்கு மேலே ஒரு சதத்துக்கேனும் பொருள் வாங்கியவரல்லர். முதற் கட்டணமே இரண்டாவது கட்டணத்தைப் பெற்றுவிட்டது. இரண்டு நாள் இடைவெளியில் 2,250 ரூபாய் கைவிட்டுப் போயிற்று.

இத்தகைய கட்டணத்தை மறுக்கப் புகுவோர் பலர், “இந்தத் தொகை மிக அதிகம்; இது அநீதி” என்றே வாதிடத் தொடங்குகின்றனர். அவர்களின் மனக்குறை நியாயமானதாயினும், அந்த வாதம் கரடுமுரடான வழியிலே செல்வது என்பதை உலக அனுபவம் காட்டுகின்றது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் அறவிடும் தொகை, நேரக்கூடிய நட்டத்தின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும். அச்சுறுத்துவதற்கான தண்டமாக இருத்தலாகாது என இங்கிலாந்தின் உச்ச நீதிபீடமாக விளங்கிய பிரபுக்கள் சபை 1914 ஆம் ஆண்டில் டன்லொப் வழக்கிலே விளக்கிற்று. வங்கித்தொழில் பற்றிய விடயங்களில், உள்நாட்டுச் சட்டம் வேறுவிதமாக ஏற்பாடு செய்யாதவிடத்து, இங்கிலாந்துச் சட்டத்தை நோக்குமாறு கட்டளைச் சட்டம் ஒன்று இலங்கையிலே வழிவகுத்தமையால், அத்தீர்ப்பு நமக்கும் முற்றிலும் புறம்பானதன்று.

அந்தக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, 2006 ஆம் ஆண்டில் பிரித்தானிய நியாய வர்த்தக அலுவலகம், கடனட்டைத் தவறுகைக் கட்டணம் 12 பவுணுக்கு மேற்படின் அதனை நியாயமற்றதெனத் தான் கருதக்கூடும் என அறிவித்தது. ஆயினும் 2015 ஆம் ஆண்டில் பிரித்தானிய உயர் நீதிமன்றம், கட்டணத்தை விதிப்பவருக்குள்ள நியாயமான நலனையும் கருத வேண்டும் எனப் பழைய கோட்பாட்டைத் தளர்த்திற்று. அடுத்த ஆண்டில் அவுஸ்திரேலிய மேல் நீதிமன்றமும் கடனட்டைத் தாமதக் கட்டணம் பற்றிய வழக்கொன்றிலே வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. இந்தியாவிலே, கடனட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி பெறுவது நேர்மையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணைக்குழு 2008 இல் கூறியதை, அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரிலே நீக்கிவிட்டது. தொகையின் பெருமையை மட்டும் பற்றிக்கொண்டு வாதிடுவோருக்கு வெற்றி எளிதன்று என்பது இவற்றாற் புலப்படும்.

இதனினும் உறுதியான வாதங்கள் மூன்று உண்டு. பணம் உரிய நாளிலே செலுத்தப்பட்டதா என்பது முதலாவது. கட்டணம் பற்றி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா என்பது இரண்டாவது. எல்லை மீறலுக்கு அட்டைதாரர் காரணமானாரா என்பது மூன்றாவது. இவை மூன்றும் காகிதத்தைக் கொண்டு நிறுவத்தக்கவை. ஐக்கிய அமெரிக்காவின் 2009 ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியே சென்றது. அட்டைதாரர் முன்னரே இணங்கியிருந்தாலன்றி எல்லை மீறற் கட்டணம் பெறலாகாது எனவும், வட்டியாலும் கட்டணங்களாலும் மாத்திரம் எல்லை கடந்தவிடத்து அக்கட்டணம் பெறலாகாது எனவும் அங்கு விதிக்கப்பட்டது. இந்திய ரிசேவ் வங்கியும் 2022 இல், எல்லையை மீறிச் செலவிட இடமளிக்குமுன் அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதத்தைப் பெறுமாறு பணித்ததோடு, இறுதி நாள் கடந்து மூன்று நாளுக்கு மேலாகும்வரை தாமதக் கட்டணம் விதிக்கலாகாது எனவும் கூறிற்று. பிறநாட்டு விதிகள் இலங்கை வங்கிகளைக் கட்டுப்படுத்தமாட்டா. எனினும் வங்கிக்கு எழுதும் கடிதத்திலே அவற்றின் நியாயத்தை எடுத்துரைப்பதற்குத் தடையேதும் இல்லை.

இலங்கையிலே நிலைமை யாது? கடனட்டை வட்டிக்கு 2020 இல் நூற்றுக்கு 18 வீதம் என மத்திய வங்கி உச்ச வரம்பிட்டிருந்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்பிரலிலே அவ்வரம்பு நீக்கப்பட்டது. அதன்பின் அட்டைதாரரின் விழிப்பே அவருக்கு முதற் காவலாயிற்று. 2020 ஓகஸ்ட் மாதத்திலே மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் தாபிக்கப்பட்டது. 2023 ஓகஸ்டிலே வெளியான நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், கட்டணங்களை வெளிப்படையாகத் தெரிவித்தலையும் முறைப்பாடுகளை முறையாக விசாரித்தலையும் நிதி நிறுவனங்களின் கடமையாக்கின.

இனி, மறுக்கும் முறையைக் காண்போம். கணக்குக்கூற்றுக் கிடைத்த அன்றே அதனைப் படித்தல் வேண்டும். கூற்றிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டுவதற்கு ஒப்பந்தங்களிலே கால எல்லை குறிக்கப்படுவது வழக்கமாதலின், தாமதக் கட்டணத்தை மறுப்பவர் தாமே தாமதித்தல் தகாது. பணம் வைப்பிட்ட பற்றுச்சீட்டு, அதிலுள்ள நாளும் நேரமும், கொடுக்கல் வாங்கல் இலக்கம், கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ள வேண்டும். இயந்திரம் தரும் பற்றுச்சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஆதலால் அதனைப் படியெடுத்து வைத்தல் நலம்.

தொலைபேசியிலே முறையிடுவோர் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதன் பின்னரும் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலிலே அனுப்புவதே சாலச் சிறந்தது. தமிழிலேயே எழுதலாம். கடிதம் நீண்டிருக்க வேண்டியதில்லை. எந்தக் கூற்றிலே எந்தக் கட்டணம், அது ஏன் பொருந்தாது, சான்று யாது, வேண்டுவது யாது என்னும் நான்கும் தெளிவாக இருந்தாற் போதும். அட்டையின் முழு இலக்கத்தையோ இரகசிய இலக்கத்தையோ எழுதலாகாது. இறுதி நான்கு இலக்கங்கள் போதுமானவை. மேலே கண்ட ஆசிரியர், தாமதக் கட்டணத்தோடு, அதன் விளைவாக எழுந்த எல்லை மீறற் கட்டணத்தையும், இரண்டின் மீதும் ஏறிய வட்டியையும் திருப்பித் தருமாறு கேட்டல் வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் முதலாவது மட்டுமே திரும்பிவரக் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகும். பிணக்குத் தீரும்வரை ஒன்றையும் செலுத்தமாட்டேன் என்று சிலர் உறுதிபூணுகின்றனர். அது தம்மையே வருத்தும் செயல். பிணக்கில்லாத தொகையை, குறைந்தபட்சம் மிகக் குறைந்த தொகையையேனும், உரிய நாளிலே செலுத்திவர வேண்டும். தவறினால் புதிய கட்டணங்கள் நியாயமாகவே எழும். கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் அந்த நிலுவை இடம்பெற்று, நாளை ஒரு வீட்டுக் கடனுக்கோ உழவு இயந்திரக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது தடையாக நிற்கக்கூடும்.

அட்டைதாரர் உண்மையாகவே பிந்திச் செலுத்தியிருப்பின் செய்ய வேண்டுவது யாது? அங்கே அவர் கேட்பது சலுகையே. அதனை மறுப்பாக வேடமிட்டுக் காட்டலாகாது. நெடுநாள் ஒழுங்காகச் செலுத்திவந்ததைச் சுட்டி, நோயோ வெள்ளமோ குறுக்கிட்டதை உள்ளபடி கூறி, இம்முறை கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டலாம். உண்மை கூறும் வேண்டுகோளுக்கு வங்கிகள் இணங்குவதுண்டு.

வங்கியின் கிளையும் அதன் முறைப்பாட்டுப் பிரிவும் தகுந்த விடை தராவிடின், 1935 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வாயிலாக மத்திய வங்கியின் மேற்கூறிய திணைக்களத்தை நாடலாம். 2003 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நிதியியல் ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம். எங்கு சென்றாலும், “முதலில் வங்கிக்கு எழுதினீரா? வங்கி கூறிய விடை யாது?” என்னும் வினாவே முதலில் எழும். ஆகவே கடிதங்களின் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

வருமுன் காப்பதற்கும் வழியுண்டு. சம்பளக் கணக்கிலிருந்து மிகக் குறைந்த தொகை தானாகவே செல்லுமாறு வங்கிக்கு நிலையியற் கட்டளை கொடுத்துவிடலாம். இறுதி நாளுக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே செலுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். போயா விடுமுறையும் வார இறுதியும் அடுத்தடுத்து வரும் மாதங்களிலே இது பெரிதும் பயன்தரும்.

வாவிக்கரை மக்கள் கடனைத் திருப்பிக் கொடுப்பதை மானத்தோடு பிணைத்துப் பார்ப்பவர்கள். அதனாலேயே, வங்கி கேட்ட தொகையை ஏனென்று கேளாது கொடுத்துவிடுவோர் பலர். வினவுவது கடனை மறுப்பதாகிவிடுமோ எனக் கூசுவோரும் உளர். கடையிலே கொப்பியைத் திருப்பிக் கணக்குப் பார்ப்பதை எவரும் தவறென எண்ணியதில்லை. வங்கியின் கூற்றையும் அவ்வாறே பார்க்கலாம். பிழையிருப்பின் பணிவோடு, ஆனால் அஞ்சாது, எழுதிக் கேட்கலாம்.