மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு நெறி கட்டினால்

கேமரன் மலை, கம்போங் ராஜாவின் குளிரில் ராத்திரி சட்டை நனைய வியர்க்கிறதா? கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் நெறி கட்டியிருக்கிறதா? சிறுநீரகம் மாற்றியவர் என்றால் காத்திருக்காதீர்கள்.

ஏன் இந்த அவசரம்? உறுப்பு மாற்றியவர்களில் சிலருக்கு லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் இரத்தப் புற்று) வருவதுண்டு. சிறுநீரகம் மாற்றியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஓரிருவருக்கு வரும். குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

எதனால் வருகிறது? புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன. 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்-பார் வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அடங்கிக் கிடப்பது. காவல் தளர்ந்ததும் அது குடியிருக்கும் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகலாம். எல்லாருக்கும் இந்த வைரஸ்தான் காரணம் என்றில்லை.

மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டதே? முதல் வருடத்தில்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் பத்து வருடம் கழித்தும் வரலாம்.

அப்படியானால் மாத்திரையை நானே குறைத்துக்கொள்ளலாமா? கூடவே கூடாது! தாமஸ் ஸ்டார்சல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் குழு, மருந்தைக் குறைத்ததும் சிலருக்குக் கட்டி கரைந்ததை 1984-இல் எழுதியது. இன்றும் பெரும்பாலும் முதல் சிகிச்சை அதுதான். போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் கீமோவும் உண்டு. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தினால் சிறுநீரகம் பழுதாகி, மறுபடி டயாலிசிஸில் உட்கார வேண்டிவரும்.

எந்தெந்த அறிகுறிக்குப் போகவேண்டும்? விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஆறாத வயிற்றுவலி, சிறுநீரக இரத்தச் சோதனை திடீரென மோசமாவது. காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடாதீர்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம்.

காசநோயிலும் இதேபோல் நெறி கட்டும், காய்ச்சல் வரும், வியர்க்கும். அதனால் கையால் தொட்டுப் பார்த்து மட்டும் எதுவென்று சொல்ல முடியாது. பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்துக் கிளினிக் அல்லது தானா ராத்தா மருத்துவமனை. "சிறுநீரகம் மாற்றியவன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். உங்களுக்குச் சிறுநீரகம் மாற்றிய மருத்துவமனைக்கும் அன்றைக்கே போன் செய்யுங்கள். இரத்தப் புற்று என்று உறுதியானால், மலேசியாவில் இரத்தநோய் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற அம்பாங் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும்.

மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, காலை டாக்ரோலிமஸை முன்கூட்டியே விழுங்கிவிடாதீர்கள். மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், இரத்தம் கொடுத்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள்.