பணமுடைக் காலமும் பண மோசடியும்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. போடுவதற்கே காசில்லாத காலத்தில் எதை அளப்பது என்று கேட்கத் தோன்றும். ஆனால் காசு குறைந்த அந்தக் காலத்தில்தான் ஏமாற்றுவோர் வீடு தேடி வருகின்றனர். பணத்தை இழந்தவர்களைப் பார்த்து, “பேராசை பெருநட்டம்” என்று ஊர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. என் ஊரில் நான் கண்டவரையில் அவர்களை வீழ்த்தியது பேராசை அன்று, முடையே.

என் ஊர் தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணி. உப்பளமும் கடலுமே எங்களுக்குச் சோறு போடுபவை. ஆனால் இரண்டும் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியைச் சீர் செய்து மறுபடி உப்பு வாருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. இவை ஆண்டுதோறும் வரும் முடை. 2020இல் கொரோனா முடக்கமும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையும் சொல்லாமல் வந்த முடைகள். இத்தகைய நாள்களில் கையில் சிறிது உள்ளவர் அதைப் பெருக்க வழி தேடுகிறார். ஒன்றும் இல்லாதவர் கடன் தேடுகிறார். இவ்விருவருக்கும் தனித்தனியே வலை விரிக்கப்படுகிறது.

நட்டம் வேறு, மோசடி வேறு

பணத்தைத் துணிந்து போடுவது நம் கரைக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறையில் முற்காலத்தில் சிப்பிகளை உடைக்காமலேயே ஏலம் விட்டனர். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. இழந்தாலும் அவர் ஏமாந்தவர் அல்லர், தெரிந்தே துணிந்தவர்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நடந்த இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம். அத்திங்கள் 16ஆம் நாள் வ.உ.சிதம்பரனாரின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. அந்தப் பணம் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் எல்லார் கண்ணிலும் பட்டது. வெள்ளையர் கப்பல் நிறுவனத்தின் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் சங்கம் 1911இல் மூடப்பட்டது. பங்குதாரர் பணத்தை இழந்தனர். ஆனால் அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. சங்கம் பதிவாகி ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22ஆம் நாள், சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. அதை நம்பிச் சேமிப்பைக் கொடுத்தவர்களின் பணம், அவர்கள் அறியாத துணிகர முயற்சிகளில் கரைந்திருந்தது. அதன் தலைவர் சிறை சென்றார். நட்டத்துக்கும் மோசடிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். “என் பணம் எங்கே வேலை செய்கிறது?” என்ற கேள்விக்கு முன்னதில் விடை உண்டு, பின்னதில் இல்லை.

கணக்கு காட்டும் உண்மை

பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுக்கின்றனர் என்று கொள்வோம். சேர்ந்தது 10 லட்சம். மாதம் 25 விழுக்காடு வட்டி என்றால், மாதந்தோறும் இரண்டரை லட்சம் திருப்பித் தர வேண்டும். எந்தத் தொழிலும் செய்யாமல் அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தால் நான்கே மாதத்தில் பெட்டி காலி. ஐந்தாம் மாத வட்டிக்குப் புதிதாக ஆள் சேர்க்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்க அவர்களினும் மிகுதியான ஆள் வேண்டும். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகச் சொன்ன சார்லஸ் பான்சியின் வித்தை இதுவே. இவ்வகை மோசடிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

சென்னையில் ஆருத்ரா கோல்டு என்னும் நிறுவனம் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்குப் பதிவானது. அது பணம் திரட்டிய காலம் 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை. அதாவது, கொரோனாவால் வேலையிழந்து மக்கள் தவித்த காலம்! மாதம் 25 விழுக்காடு உண்மையிலேயே ஈட்ட முடிந்தால், வட்டியை எடுக்காமல் விட்ட ஒரு லட்சம் இரண்டே ஆண்டில் இரண்டு கோடியைத் தாண்டிவிடும். அப்படி ஒரு தொழில் இருந்தால் அதை நடத்துபவர் ஏன் நம் வாசலில் வந்து நிற்கிறார்?

பொருளைக் கண்ணில் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. பெருந்துறைப் பகுதியில் தோன்றிய ஈமுக்கோழிப் பண்ணைத் திட்டங்கள் 2012இல் சரிந்தன. பறவை கண்ணுக்குத் தெரிந்தது. அதன் இறைச்சியை வாங்கும் சந்தைதான் எங்கும் தெரியவில்லை.

நம்பிக்கையே தூண்டில்

முகமறியாதவர் சொன்னால் நாம் நம்ப மாட்டோம். ஆகவே இத்திட்டங்கள் சித்தப்பா, மதினி, உடன் வேலை செய்பவர் வழியாகவே வருகின்றன. முதலில் சேர்ந்தவருக்கு வட்டி ஒழுங்காகக் கிடைப்பதால் அவர் உண்மையாகவே நம்பிப் பிறரை அழைத்து வருகிறார்.

எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகும் அத்தை ஒருவர், வாரம் 200 ரூபாய் வீதம் தீபாவளிச் சீட்டுக் கட்டி வந்தார். ஐம்பது வாரத்தில் 10,000 ரூபாய். புரட்டாசியில் மருத்துவச் செலவுக்காகக் கட்டிய பணத்தைக் கேட்டபோது சீட்டு நடத்தியவர் சாக்குப்போக்குச் சொன்னார். அத்தைக்கு ஐயம் எழுந்தது. ஆனால் வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று வாய் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஐப்பசி வரை கட்டிக்கொண்டே இருந்தனர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு சீட்டுக்காரர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஊரார் சிரிப்புக்கு அஞ்சிய மௌனம், மற்றவர்களின் பணத்தையும் கொண்டுபோயிற்று.

சீட்டு என்றாலே தீது என்பதன்று. 1982ஆம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டுகள் உண்டு. அவற்றை நடத்துபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை.

கடன் என்னும் வலை

நூற்றுக்கு மாதம் பத்து வட்டி என்பது ஆண்டுக்கு 120 விழுக்காடு. பத்தாயிரம் வாங்கியவர் பத்து மாதத்தில் பத்தாயிரம் வட்டி கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய அனைத்தையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் அண்டை மாவட்டமான நெல்லையின் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, எளியவர் காதுக்கும் அது எட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

இன்று கந்துவட்டிக்காரர் கைப்பேசிக்குள்ளும் குடியேறிவிட்டார். ஐந்து நிமிடத்தில் கடன் என்று சொல்லும் போலிச் செயலிகள், நம் கைப்பேசியில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கின்றன. தவணை தவறினால் படத்தை ஆபாசமாகத் திரித்து உறவினருக்கு அனுப்புவதாக மிரட்டுகின்றன. கடன் தருவது வங்கியா, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமா என்று பார்க்காமல் எந்தச் செயலியையும் தொடலாகாது.

மாணவ நண்பர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்” என்று கேட்போர் இருக்கின்றனர். பிறரிடம் திருடிய பணத்தைக் கடத்தவே அந்தக் கணக்கு. காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். கட்டணம் கட்டப் பணமின்றித் தவிக்கும் மாணவர், தாம் அறியாமலே குற்றவாளியாக நிற்க நேரும்.

நாம் செய்யத்தக்கவை

பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்போம்: இந்தப் பணம் எங்கே வேலை செய்கிறது? யாரிடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது? கொடுத்ததற்கு எழுத்து உண்டா? “இன்றே சேர வேண்டும்” என்று அவசரப்படுத்தினால் அதுவே மறுப்பதற்குப் போதிய காரணம். அஞ்சலகச் சேமிப்புக்கு அரசின் பொறுப்பு உண்டு. வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வட்டி குறைவுதான், ஆயினும் மழைக்காலத்தில் அசல் இருக்கும்.

இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நிதி நிறுவனம் ஏமாற்றினால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க வழியுண்டு. ஆனால் அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

எங்கள் ஊரில் பல வீடுகளில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவர்கள் நாம்தான். அச்சிட்ட தாளைப் படிக்கவும் வட்டிக் கணக்குப் போடவும் நமக்குத் தெரியும். வீட்டில் யாரேனும் தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை நீட்டினால் கடிந்துகொள்ளாமல் உடனிருந்து படித்துச் சொல்வோம். இழந்தவரை எள்ளி நகையாடாதிருப்போம். அவர் வாய் திறந்து சொன்னால்தானே அடுத்த வீடு தப்பும்!